சட்டப்பை

மலையேறும் முறை வந்துவிட்டால் அடிவாரத்து வீடுகளில் முதல் சண்டை துப்பாக்கிக்காக நடக்காது, பைக்காகத்தான் நடக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரே ஒரு ராத்திரி காட்டில் படுத்துவிட்டு வரப்போகிறவர்களுக்கு எந்தப் பையாக இருந்தால் என்ன என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மலைத்தண்ணீரை நம்பி விதைத்துப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கும் பைக்கிடங்கில் அதே கதைதான். ஜெயக்கொடி ஒரு பக்கம், அவள் நாத்தனார் பவுனுத்தாய் ஒரு பக்கம், நடுவில் கிடங்குக்காரர் சீனிச்சாமி. கொக்கிகளில் பைகள் வரிசையாகத் தொங்கின. பவுனு ஒவ்வொன்றாக இறக்கி, துணியைக் காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்தாள். சரசரவென்று சத்தம் போடுகிற துணியென்றால் பன்றி அந்த மலையிலேயே இருக்காது. இடுப்புப்பட்டை அகலமாக இருக்கிறதா, மழையுறை கிழியாமல் இருக்கிறதா, தண்ணீர்ப்பை கசிகிறதா என்று பெண் பார்க்க வந்தவள் மாதிரி துருவிவிட்டு, கடைசியில் எப்போதும் எடுக்கிற சட்டப்பையில் வந்து நின்றாள்.

சட்டப்பை என்றால் முதுகுப்பக்கம் கார்பன் நார்ச் சட்டம் வைத்த பெரிய பை. சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் கறியை வைத்துக் கட்ட ஒரு தட்டு இருக்கும். பெரிய பன்றியையே துண்டுபோட்டு ஒரே நடையில் இறக்கிவிடலாம். பக்கத்துக் கொக்கியில் தொங்கியது சட்டமில்லாத பை. படுக்கத் தொட்டில்துணி, தார்ப்பாய், அவல், புளிச்சோறு, இவற்றோடு ஒரு சின்ன உருப்படிக்குத்தான் இடமிருக்கும். ஊரில் அதற்குக் குட்டிப்பை என்று பெயர், அதைச் சொல்லும்போது உதட்டைப் பிதுக்குவார்கள்.

இந்தத் தடவை குட்டிப்பையே போதும் என்றாள் ஜெயக்கொடி. அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு வீட்டிலேயே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடலாம் என்றாள் பவுனு. சீனிச்சாமி இருவரையும் பார்த்துவிட்டு, வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம் என்று எதையும் கவனிக்காதவர் மாதிரி ஒரு கொக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மலையிறக்கம் நடந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. மேலே இருந்த ஏலத்தோட்டம், தார்ச்சாலை, தங்கும் விடுதி எல்லாவற்றையும் காலிசெய்து, காட்டைக் காட்டுக்கே விட்டுவிட்டு எல்லாரும் இறங்கி வந்தார்கள். அதற்கு உள்காடு என்று பெயர் வைத்தார்கள். பெட்ரோலிலோ மின்சாரத்திலோ தானாக ஓடுகிற எதுவும் அதன் எல்லையைத் தாண்டக்கூடாது. வண்டி கிடையாது, ஆளில்லாமல் பறக்கிற பறப்பி கிடையாது, செல்பேசி அலை கிடையாது. அதன்பிறகு மேகம் வந்தது, கோடையிலும் ஓடையில் தண்ணீர் வந்தது, கூடவே பன்றியும் வந்தது. புலி வந்து பன்றியைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள் நிபுணர்கள். புலி தன் சௌகரியப்படிதானே வரும், இன்னும் வந்தபாடில்லை.

ஆகவே புலி வேலையை மனுசன் பார்க்கவேண்டியதாயிற்று. தண்ணீர் முறை மாதிரி வீட்டுக்கு வீடு பன்றி முறை. போகத்துக்கு ஒரு தடவை, வீட்டுக்கு இரண்டு பேர், ஓர் இரவு. ஒரு பன்றியோடு இறங்கினால் அந்த வீட்டு வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் உண்டு. வெறுங்கையோடு இறங்கினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குத் திரும்பிவிடும்.

துப்பாக்கிக்கு அரசாங்கம் வைத்த பெயர் அறிதுப்பாக்கி. ஊரில் அதற்கு மாமியார் என்று பெயர். காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் போனவர்கள் கொழுத்த பன்றியாகப் பார்த்துச் சுட்டு, தொடையையும் முதுகுக்கறியையும் மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஓடை நாறியது. கீழே பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தன. அதற்குப் பிறகுதான் சுமக்க முடியாததைச் சுடக்கூடாது என்ற விதி வந்தது. துப்பாக்கிக் கண் விலங்கின் எடையைக் கணிக்கும். பையின் முதுகில் நெய்திருக்கும் உணரிழை தன்னால் எவ்வளவு தாங்கும் என்று துப்பாக்கிக்குச் சொல்லும். பைக்கு மீறிய உருப்படி என்றால் மாமியார் சம்மதிக்க மாட்டாள், விசை இறங்காது. அந்த இரண்டு கருவிகளுக்கு மட்டும் உள்காட்டில் விலக்கு.

பன்றி பாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். உயிர்காப்பு விலக்கும் முதலில் இருந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? இறங்கி வந்தவர்கள் எல்லாரும் பன்றி மேலே பாய்ந்துவிட்டது, அதனால்தான் சுட்டேன் என்றார்கள். ஒரு போகத்தில் அந்த மலையில் பாயாத பன்றியே இல்லை என்றாகிவிட்டது. விலக்கை எடுத்துவிட்டார்கள். விதி போட்டவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

குட்டிப்பை எடுத்தால் குட்டியைத்தான் சுட முடியும். கணக்குக்கு அதுவும் ஒரு பன்றிதான், ஆனால் பவுனுவுக்கு அது ஆகாது. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். வந்த புதிதில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். முதல் தடவை மலையேறி இறங்கிய பிறகுதான் அந்த வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதிலிருந்து மாதக்கணக்காக முறைக்குக் காத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முடியவில்லை என்றாலும் அவர்கள் முறைக்கும் இவளே போவாள். ஜெயக்கொடியின் கணவன் நகரத்தில் வேலை பார்த்தான். ஜெயக்கொடிக்குத் தோளெலும்பு ஒருமுறை முறிந்து கோணலாகக் கூடியிருந்ததால் பெரிய பையின் பட்டை உட்காராது. சுமப்பது எப்போதும் பவுனுதான்.

போன போகத்தில் இறங்கும்போது பவுனுவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் ஜெயக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மலையில்லாத பவுனுவை ஜெயக்கொடியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ராத்திரிக்கு ராத்திரி வலிக்கிறதென்று படுத்து ஜெயக்கொடியிடம் தைலம் தேய்த்துக்கொள்கிறவள், மலைக்குச் சின்னப் பை எடு என்றால் மட்டும் எகிறுவாள். எனக்கென்ன வந்தது, கல்லு மாதிரி இருக்கேன் என்பாள்.

பவுனு தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஜெயக்கொடி சீனிச்சாமியிடம் பையை மாற்றச் சொன்னாள். அவர் தயங்கினார். கொடுங்கண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மழையுறை போட்டுவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எல்லைக்கதவு வரை தானே தூக்கி வந்தாள்.

கதவுக்கு அப்பால் பையை முதுகில் ஏற்றிய மறுகணமே பவுனுவுக்குத் தெரிந்துவிட்டது.

“மதினி, இதுல சட்டம் இல்லையே!”

ஜெயக்கொடி வாயில் வந்ததைச் சொன்னாள். “சீனிச்சாமியண்ணன் மாத்திக் குடுத்துட்டாரு போல.”

பூட்டிய கதவு மறுநாள்தான் திறக்கும். பவுனு சீனிச்சாமியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஏறினாள். ஒரு மணி நேரம் ஏறியதும் கோபம் போய்விட்டது. மலையில் அவளுக்குக் கோபம் நிற்காது. பழைய தேயிலைச் சரிவில் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலையைத் தொட்டுப் பார்த்தாள், ஓடையில் முகம் கழுவினாள், புளிச்சோற்றை ஜெயக்கொடியின் பங்கையும் சேர்த்துத் தின்றாள். அவள் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து, பொய் சொன்னாலும் நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று ஜெயக்கொடி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

விடிந்ததும் பன்றிக்கூட்டம் சரிவில் கிழங்கு தோண்ட வந்தது. பெட்டைப் பன்றி ஒன்று, பின்னால் குட்டிகள். பாறைமேல் இருந்த ஜெயக்கொடி துப்பாக்கியைத் தூக்கினாள். கீழே நின்ற பவுனு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

“விடுங்க மதினி. குட்டிய அடிச்சுத் தண்ணி வாங்க வேணாம். இந்தப் போகம் கம்பு போட்டுக்கலாம்.”

கம்பு போட்டிருக்கலாம். ஒரு போகம் கம்பங்கஞ்சி குடித்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஆனால் வெறுங்கையோடு இறங்கினால் அடுத்த முறைக்குப் பவுனு அடம்பிடித்துச் சட்டப்பையைத்தான் தூக்குவாள் என்று ஜெயக்கொடிக்குப் பயம். கடைசிக் குட்டியின் மேல் கண்ணை வைத்து விசையை அழுத்தினாள். விசை சுலபமாக இறங்கியது.

மற்றவை புதருக்குள் ஓடின, அடிபட்ட குட்டி மட்டும் சாகவில்லை. புரண்டு கத்தியது. சுட்டதை விட்டுவிட்டு வர முடியாது, துடிக்கவிடவும் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே பவுனு கத்தியோடு அதனிடம் ஓடினாள். அவள் குனியவும் புதரிலிருந்து தாய்ப்பன்றி வரவும் சரியாக இருந்தது.

ஜெயக்கொடி அதைத் தெளிவாகக் குறிபார்த்தாள். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பெரிய குறி. விசை இறங்கவில்லை. மறுபடி அழுத்தினாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். தாயே, தாயே என்று வேண்டிக்கொண்டே அழுத்தினாள். பாறையிலிருந்து குதித்து ஓடி, துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் மண்டையில் அடித்தாள். நாலைந்து அடிக்குப் பிறகு அது பவுனுவின் காலை விட்டுவிட்டு, மிச்சக் குட்டிகளோடு புதருக்குள் போயிற்று.

ஜெயக்கொடி பைப்பட்டையை அறுத்து அவள் தொடையில் இறுக்கிக் கட்டினாள். தோளில் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. பவுனுவைப் பாறையில் சாய்த்துவிட்டு எல்லைக்கதவில் இருந்த காவல்சாவடிக்கு ஓடினாள். காவலர்கள் நடந்துதான் ஏற முடியும், நடந்துதான் ஏறினார்கள். பவுனுவை ஒரு சட்டப்பையின் கறித்தட்டில் உட்காரவைத்துக் கட்டி, மாற்றி மாற்றிச் சுமந்து இறக்கினார்கள். ஜெயக்கொடி செத்த குட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். எல்லைக்கதவில் அதை எடைபோட்டு, அவர்கள் வயலுக்குத் தண்ணீர் உண்டு என்று அறிவித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பவுனுவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. இந்தக் காலத்தில் அது பெரிய விஷயமில்லை என்றார் மருத்துவர். நரம்போடு இணைகிற இயங்குகால் வந்துவிட்டது, ஓடலாம், ஆடலாம், மரம்கூட ஏறலாம். மலைக்கும் போகலாமா என்று பவுனு கேட்டாள். மருத்துவருக்கு அது தோன்றவில்லை போலும். சற்று யோசித்துவிட்டு, அதற்குள் மின்கலம் இருக்கிறதே அம்மா, உள்காட்டு எல்லையைத் தாண்டவிட மாட்டார்களே என்றார். மனு போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். மனு போட்டவர்கள் ஏற்கெனவே சிலர் உண்டு. ஒருவருக்கும் பதில் வந்ததில்லை.

சாயங்காலம் சீனிச்சாமி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். பவுனு அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். உங்க கவனக்குறைவாலதான் என் காலும் போச்சு, என் மலையும் போச்சு என்றாள். சீனிச்சாமி ஜெயக்கொடியை ஒருதரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தப்புத்தான் தாயி என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இதற்குமேல் தாங்க முடியாது என்று ஜெயக்கொடிக்கு ஆகிவிட்டது.

“அவரு மாத்தல, பவுனு. நான்தான் மாத்தச் சொன்னேன்.”

பவுனு திரும்பிப் பார்த்தாள். ஜெயக்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு, வைத்தியர் சொன்னது, தான் பயந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது சப்பைக்கட்டாகத் தோன்றியது. கத்துவாள், பழத்தைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தாள். பவுனு கத்தவில்லை. பழங்களைக் கட்டில் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“கேட்டிருக்கலாம்ல மதினி,” என்றாள். “முதுகு எப்பவோ சரியாப் போச்சு.”

“தெனமும் வலிக்குதுன்னு படுத்தியே?”

“நீங்க தைலம் தேச்சு விடுவீங்கல்ல.” பவுனு போர்வை ஓரத்தைச் சுருட்டினாள். “புருசன் வீட்டுல இருந்து வந்ததுக்கப்புறம் யாரு என்னைத் தொட்டா? சரியாயிருச்சுன்னா நிறுத்திருவீங்க. அதான் சொல்லல.”

அவள் சிரமப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் முதுகு ஜெயக்கொடியின் பக்கம் இருந்தது. அதைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள்.