ஒரு பாட்டில் சாட்சி

காலை 7.20. குத்துக்கல்வலசை எரிபொருள் ஆலையின் பரிசோதனைக் கூடம். ஃபிரிட்ஜைத் திறந்த கெமிஸ்ட் சிவசைலம் அப்படியே நின்றார். கடைசிச் சரக்கிலிருந்து எடுத்துச் சீல் வைத்த சாம்பிள் பாட்டிலைக் காணோம்.

குற்றாலத்துக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை, விமான எரிபொருளுக்காகக் கப்பலேற்றும் ஆலை அது. எரிபொருளுக்குப் பிறரை நம்பியே இருந்த நாடு, இந்த முறை கொடுக்கிற இடத்தில் இருந்தது. பதினோரு மணிக்கு ஐரோப்பியத் தூதுக்குழு வருகிறது. பத்து வருட ஒப்பந்தம். ஒரே நிபந்தனை: புது எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கலந்திருக்கக் கூடாது. சரக்கு தூத்துக்குடியில் மற்ற ஆலைகளின் எண்ணெயோடு சேர்ந்துவிட்டது. இனி அந்தப் பாட்டில்தான் சாட்சி.

8.05. இன்ஸ்பெக்டர் ஷமீம் பானு வந்தார். பூட்டு உடையவில்லை. சாவி இருவரிடம்: சிவசைலம், மேனேஜர் விஜயசங்கர்.

"எப்ப உள்ள வச்சீங்க?"

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மேடம். வச்சிட்டு சாப்பிடப் போனேன். பெறகு திறக்கல."

"ராத்திரி?"

"இங்கனதான். பின்னால உள்ள ரூம்ல."

"பாத்தவங்க யாரு?"

"யாருமில்ல. வீட்டுக்காரி போயி எட்டு வருஷமாச்சு. நான் எங்க இருக்கேன்னு சொல்லுததுக்கு ஆளில்ல."

அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

விஜயசங்கர் குறுக்கிட்டார். "சாயங்காலம் ஏழு மணிக்கு நானே எடுத்து ஆட்டிப் பாத்தேன் மேடம். நல்லாத் தளும்பிச்சு, சீலும் சரியா இருந்துச்சு. பெறகு விடியுற வரைக்கும் குற்றாலத்துல விருந்தாளிங்ககூட இருந்தேன். வேற நாட்டுக்காரன் எவனோ இவரை வளைச்சிட்டான். ஒத்தை ஆளு, கேக்க நாதி இல்ல."

சிவசைலம் தன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பானு ஃபிரிட்ஜைத் திறந்தார். நான்கு டிகிரி. போன வாரத்துச் சாம்பிள் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். நெய்யாய் உறைந்திருந்த எண்ணெய் அசையவில்லை.

"இது உறைய எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம் போதும். எல்லாம் பாமாயில்தான்."

"நேத்து வச்சது?"

"அதுவும்தான்."

பானு திரும்பினார். "ரெண்டு மணிக்கு வச்ச எண்ணெய் ஏழு மணிக்கு எப்படி சார் தளும்பும்? இவர் சாப்பிடப் போன நேரத்துல, உறையுததுக்கு முன்னாடி நீங்க தூக்கியிருக்கீங்க. ஏழு மணிக்கு இருந்துச்சுன்னு சொன்னாத்தான் பழி இவர்மேல விழும்."

விஜயசங்கர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பாட்டிலச் சிற்றாத்துல போட்டுட்டேன். அனுப்புன சரக்குல பாதிக்கு மேல புதுப் பாமாயில். அவங்க கேக்குத அளவுக்குப் பழைய எண்ணெய்க்கு எங்க போவேன்?"

11.00. நடந்ததைத் தூதுக்குழுவிடம் சிவசைலமே சொன்னார். ஒப்பந்தம் கைநழுவிப் போனது. 12.15க்கு அவர்களின் கார்கள் போய்விட்டன. வாசலில் கூடியிருந்த தொழிலாளிகள் யாரும் சிவசைலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

விஜயசங்கரை ஏற்றிய ஜீப்பை அனுப்பிவிட்டு, பானு மட்டும் நின்றார்.

"சாப்ட்டீங்களா அண்ணாச்சி?"

அவர் பின்னால் இருந்த தன் அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் ஒத்தையிலதான் சாப்பிடணும். வாங்க, சேந்து போவோம்."

சிவசைலம் உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்து, தலை சீவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.