யார் கில்டி?

"கில்டி! கில்டி!"

காலையில் வகுப்பில் கற்ற அந்த ஆங்கில வார்த்தை, மாலைக்குள் ஓடைப்பட்டித் தெருவெல்லாம் சுற்றி வந்துவிட்டது. 'குற்றவாளி' என்று தமிழில் சொன்னால் வராத ருசி அதில் இருந்தது. மிட்டாயைப் பிடுங்கியவன் கில்டி. வரிசையில் முந்தியவள் கில்டி. சும்மா குரைத்த நாய்கூட கில்டி.

இப்போது பிள்ளைகள் கூடி நின்று கத்தியது, திராட்சைத் தோட்டக் காவல்காரர் பலவேசத்தைப் பார்த்து.

அவர் காலடியில் பஞ்சம்மாளின் ஆடு நுரை தள்ளிக் கிடந்தது. மருந்தடித்த கொடியை மேய்ந்துவிட்டது. மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் போகட்டும், பார்ப்போம்" என்றார்.

தோட்டத்துச் சொந்தக்காரர் கர்ணன் கொதித்தார். "மருந்தடிச்சா வேலியில சிவப்புத் துணி கட்டணும்னு தெரியாதா? துணியப் பாத்திருந்தா பஞ்சம்மா ஆட்ட அங்கன விட்டிருக்குமா?"

"விடியக்காலையிலயே கட்டினேன் முதலாளி."

"கட்டினதக் காக்கா தூக்கிட்டுப் போச்சாக்கும்! நாளையிலருந்து வேலைக்கு வராத!"

"கில்டி! கில்டி!"

நாகஜோதி மட்டும் கத்தவில்லை. அந்தத் துணி அவளுடைய பள்ளிப் பையில் இருந்தது.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் அவள் நன்றாகத்தான் பார்த்தாள். வழக்கமாக அடிக்கும் மயில்துத்த மருந்தின் நீலக் கறை இலைகளில் துளியும் இல்லை. 'பழைய மருந்து மழையில கழுவிப் போச்சு, துணிய எடுக்க மறந்துட்டாக' என்று நினைத்தாள். கபடி அணிக்குக் கொடி வேண்டுமே என்று அவிழ்த்துக்கொண்டாள். கறை படியாத வேறு மருந்து அடித்திருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

சொன்னால்? கர்ணன் பெரியப்பாவின் அடி எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும்.

சொல்லாவிட்டால்? பலவேசம் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். அது வேர்வை இல்லை.

பக்கத்தில் நின்ற அழகுமலை அவளை இடித்தான். "ஏய், நீயும் கத்து!"

"தப்பு செஞ்சது உறுதியானாத்தான் அந்த வார்த்தையச் சொல்லணும்னு சார் சொன்னாகல்ல? நீ கண்ணால பாத்தியா?"

"எல்லாரும் சொல்றாக, நானும் சொல்றேன்."

"அப்ப என்னயப் பாத்துச் சொல்லு."

பையிலிருந்து சிவப்புத் துணியை உருவினாள். கூட்டம் கப்பென்று அடங்கியது.

"பெரியப்பா, மாமா கட்டித்தான் இருந்தாக. நான்தான் அவுத்தேன். கறை இல்லைன்னதும் மருந்தும் இல்லைன்னு நெனச்சுட்டேன்." பஞ்சம்மாள் பக்கம் திரும்பினாள். "பஞ்சம்மா அத்தை, ஆடு எந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

கர்ணன் கையை ஓங்கினார். பலவேசம் குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளைய விடுங்க. அடிக்கணும்னா என்னய அடிங்க. வேலைதான் போயிருச்சே, எனக்கென்ன பயம்?"

அந்த நேரத்தில் ஆடு மெல்லத் தலையைத் தூக்கியது. டாக்டரின் கால்சட்டையை முகர்ந்து பார்த்து, பெரிதாக ஒரு தும்மல் போட்டது. "எந்தாயி!" என்று பஞ்சம்மாள் அதைக் கட்டிக்கொண்டாள்.

கர்ணன் கையை இறக்கினார். தொண்டையைச் செருமினார்.

"பலவேசம்... விசாரிக்காமப் பேசிட்டேன். நாளைக்கு வேலைக்கு வந்துரப்பா."

"நாளைக்கா?" பலவேசம் கம்பை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். "அப்ப இன்னிக்கு ராத்திரி தோட்டத்த யாரு பாப்பாக?"