பீடத்தில் மாட்டிய கல்

காலை எட்டரை மணி. இன்ஸ்பெக்டரின் மேஜையில் போன் அலறியது.

"சார்... தலைவர் செத்துட்டார்! டீயில விஷம்னு டாக்டர் சொல்றார்!"

முப்பத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். பத்து மணிக்குத் தன் சிலையைத் தானே திறந்து வைக்க இருந்தவர்!

கூட்டத்தைக் கலைக்க இன்ஸ்பெக்டர் சிலைக்கு விரைந்தார். பீடத்தை மூடியிருந்த துணியைச் சும்மா தூக்கிப் பார்த்தார்.

தூக்கிவாரிப் போட்டது!

கல்வெட்டில் பிறந்த தேதி. பக்கத்தில்... இறந்த தேதி.

இன்றைய தேதி!

"யாருய்யா இதைச் செதுக்கினது?"

"நான்தாங்க ஐயா... போன வாரம்." புருவமெல்லாம் கல்தூளாகக் கல்தச்சர் வந்தார்.

"ஆளு சாகறதுக்கு முன்னாடியே நாள் குறிச்சிட்டியா?"

"ஐயையோ! அப்படியா எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. காகிதத்துல இருக்கறதைக் கல்லுல அச்செடுத்து, அந்தக் கோட்டு மேல உளியை விடுவேன். அவ்வளவுதான்."

"புளுகறான் சார்!"

கண்ணைத் துடைத்தபடி வந்தவர் தலைவரின் மருமகன். சிலை வேலை முழுக்க அவர் பொறுப்பு.

"நான் கொடுத்தது ஒரே காகிதம். பிறந்த தேதி மட்டும்தான் இருந்துச்சு. மாமாவைக் கொன்னவனுக்கு இவன் உடந்தை. உள்ள தள்ளுங்க!"

விலங்கு மாட்டப்பட்டது. கல்தச்சர் ஓவென்று அழுதார்.

"என் பொண்டாட்டி பிள்ளைங்க நடுத்தெருவுக்கு வந்துடும் ஐயா! ஒரே ஒரு தடவை என் பட்டறைக்கு வாங்க..."

பட்டறை அடுத்த தெருவில்தான். எல்லோரும் போனார்கள். கல்தச்சர் தகரப் பெட்டியைத் திறந்தார்.

"எழுத்து தப்புன்னா என் தலையில கட்டிடுவாங்க ஐயா. அதனால காகிதத்துல கையெழுத்து வாங்காம உளியைத் தொடமாட்டேன்."

உள்ளே இரண்டு காகிதங்கள்! இரண்டிலும் மருமகனின் கையெழுத்து. ஒன்றில் மட்டும் இறந்த தேதி.

"ரெண்டு கல்லா செஞ்சே?"

"ஆமாங்க. ஒண்ணை இப்போ மாட்டு, இன்னொண்ணை மூடி வை, சாயந்தரம் மாத்திக்கலாம்னார். எது எதுன்னு எனக்குக் குழம்பிடுச்சு..."

"அப்புறம்?"

"பாலிஷ் நல்லா வந்ததை மாட்டிட்டேன்."

மருமகனுக்கு முகம் வெளுத்தது.

"பாவி! படிக்கத் தெரியாதவன்னுதானேடா உன்கிட்ட கொடுத்தேன்!"

மருமகன் வாயைப் பொத்திக்கொண்டார். ரொம்ப தாமதம்!

இன்ஸ்பெக்டர் நிதானமாக விலங்கைக் கழற்றி மருமகனின் கையில் மாட்டினார்.

"உங்க மாமா ஆட்சியில ஒரு பாலம்கூட சொன்ன தேதியில முடிஞ்சதில்ல. ஒரு வாரம் முன்னாடியே வேலையை முடிச்ச முதல் ஆள் நீங்கதான் சார்!"