கழுவாத கம்பளி

உலகத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் கொஞ்சம் நிலமும் ஒரு கோழிக்கூடும் ஓர் ஆட்டுக்கொட்டிலும் உடைய திருவாளர் ஆரின் ஹாகன் அவர்கள், எந்தக் குளிரும் இனித் தொட முடியாத ஒரு வீட்டைக் கட்டி முடித்து அதில் குடியேறிவிட்டார். குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து மனித இனம் தேடியலைந்தது இதைத்தான் என்று அவரே தம் திருவாயால் தீவனக் கடையிலும், பெட்ரோல் போடும் இடத்திலும், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கக் கூடுபவர்களிடமும் அறிவித்தார். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றுக் கசிவை அளக்க வந்த ஆள், கருவிதான் பழுதோ என்று மறுபடியும் அளந்து பார்த்ததை ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொன்னார்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் ஒரு நாள் காலையில் வெண்ணெய் ஆட்டு வாடை அடித்தது.

கடையில் வாங்கிய பசு வெண்ணெய். மூடி போட்ட கிண்ணத்தில் இருந்தது. ரொட்டியில் தடவி ஒரு கடி கடித்த ஆரினுக்கு, மழையில் நனைந்த ஆட்டின் தொடையிடுக்கில் நாக்கை வைத்தது போலிருந்தது. எதிரே மனைவி லெனோரா அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்ததால் மென்றான், விழுங்கவும் செய்தான்.

"எப்படி இருக்கு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு."

"அப்ப என்னோடதையும் நீயே சாப்பிடு." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். இழுப்பு மருந்துக் குப்பியை வாயில் வைத்து ஒரு முறை உறிஞ்சிக்கொண்டாள்.

அந்தக் குப்பியின் சத்தம்தான் ஆரினுக்கு உலகத்திலேயே பிடிக்காத சத்தம். பட்டணத்தில் பல் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு அவள் இங்கே வந்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்: ஒரு குளிர்காலம். தாக்குப்பிடித்தால் இருப்பாள். மூச்சு முட்டினால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவனாக இருந்தாலும், அவள் இல்லாமல் ஒரு வாரம்கூடத் தன்னால் இருக்க முடியாது என்பது ஆரினுக்குத் தெரியும். அதனால்தான் வாடையே இல்லை என்றான். வாடையை இழுக்க அறைக்கு அறை காடிக் கிண்ணம் வைத்தது தானில்லை என்பது போலவும் நடந்துகொண்டான்.

வாடை எங்கிருந்து வருகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். குளிர் நுழையாமலிருக்க ஊரில் எல்லோரும் கடையில் விற்கும் பஞ்சைச் சுவருக்குள் அடைப்பார்கள். ஆரின் அதை அடிமை புத்தி என்றான். இலையுதிர் காலத்தில் தன் மந்தை முழுவதையும் அறுத்து, இறைச்சியை உறைபெட்டியில் போட்டு, கம்பளி அத்தனையையும் இரட்டைச் சுவரின் நடுவே திணித்து, மேலே சுண்ணாம்புக் கலவை பூசினான். கம்பளியை வெந்நீரில் அலசி, பிசுக்கும் புழுக்கையும் போக்கிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். ஆரின் கழுவவில்லை. "கழுவினா அதோட நெய் போயிடும். நெய்தான் அதுக்கு உயிர். சுவர்னா மூச்சு விடணும்" என்றான். ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவரைக் கட்டடக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பக்கத்துப் பண்ணை டோலரஸ் அன்று வேலியில் சாய்ந்து நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கறியத் தின்னாச்சு. தோல வித்தாச்சு. மயிரச் சுவத்துக்குள்ள அடைச்சாச்சு. பாவம், அந்த 'ம்மே'ங்கிற சத்தம் ஒண்ணுதான்யா வீணாப் போச்சு, ஆரின். அதையும் ஒரு டப்பாவில புடிச்சு வச்சிருக்கலாம்."

குடிபுகுந்ததற்கு ஊரை அழைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆளுக்கொரு வேகவைத்த பண்டத்துடன் வந்தார்கள். கணப்படுப்பில் அன்று பெரிய தீ. வாசலில் காலணியைக் கழற்றினார்கள், சுவரைப் பார்த்தார்கள், மூக்கின் மேல் விரலை வைத்துச் சொறிவது போலப் பாவனை செய்தார்கள். ஆரின் உரையாற்றினான். உரை முடிந்தபோது டோலரஸ் மட்டும் வாயைத் திறந்தாள்.

"வாசனை… வித்தியாசமா இருக்கேப்பா."

அறையே அடங்கிப்போனது. அந்தப் பக்கத்து மனிதர்கள் எதையும் மோசம் என்று சொல்ல மாட்டார்கள். கிணற்றில் நாய் செத்துக் கிடந்தாலும் தண்ணீர் வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள். அதற்கு மேல் வசவு அவர்களிடம் கிடையாது. விடைபெறும்போது மேலங்கியை மாட்டிக்கொண்டு ஒரு கதை, கதவருகே ஒரு கதை, கார் ஜன்னலை இறக்கிவிட்டு இன்னொரு கதை என்று ஒரு மணி நேரம் இழுப்பவர்கள், அன்று காலணிக் கயிற்றைக்கூடக் கட்டாமல் பனியில் ஓடினார்கள். பாத்திரத்தை எடுக்கக்கூட யாரும் திரும்பி வரவில்லை. மேசை மேல் அவை வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மீதும் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருந்தது.

அதற்கடுத்த நாட்களில் பொழுது மதியத்துக்கு மேல் நிற்கவில்லை. நாலு மணிக்கே இருட்டியது. வெளியே காற்று ஊளையிட்டிருக்க வேண்டும், ஆனால் அந்தச் சுவர்களுக்குள் எதுவும் கேட்கவில்லை, கேட்காததால் வீட்டுக்குள் இருப்பவை எல்லாம் மிகத் தெளிவாகக் கேட்டன. குழாய் சொட்டுவது. லெனோராவின் நெஞ்சு கரகரப்பது. அப்புறம், படுக்கையறைச் சுவருக்குப் பின்னால், மெதுவாக, அவசரமே இல்லாமல், ஏதோ அரைபடுவது.

எலி என்றான் ஆரின். எலி இல்லை. கொஞ்ச நேரம் அரைபட்டது, நின்றது, தொண்டைக்குழிக்குள் ஒரு கவளம் மேலே ஏறுவது போலக் களுக்கென்று ஒரு சத்தம், பிறகு மறுபடியும் அரைபட்டது. கொட்டிலில் வைக்கோல் மேல் உட்கார்ந்து அவன் பல சாயங்காலங்கள் கேட்ட சத்தம் அது. அசை போடும் சத்தம்.

சுவர் வியர்த்தது. சுண்ணாம்பின் மேல் மஞ்சள் முத்துகளாக நெய் கசிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தரை வரை கோடு கோடாக இறங்கியது. விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. இளஞ்சூடாக இருந்தது. துணியால் துடைக்கப் போனவன் பூச்சின் விரிசலில் ஒரு மயிரைப் பார்த்தான். குட்டையாக, சுருளாக. பிடுங்கினான். அடியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது, பன்னீர்ப்பூ மொட்டின் காம்பு போல. பிடுங்கிய இடம் சிவந்தது.

துடைத்த துணியைக் குப்பையில் போடாமல் வெளியே போய்ப் பனிக்குள் புதைத்தான். கையை மூன்று முறை கழுவினான். அன்றைக்குச் சாப்பிட்டதெல்லாம் அந்தக் கையின் வாடை அடித்தது.

"ஜன்னலத் திற, ஆரின்" என்றாள் லெனோரா.

"குளிருக்குன்னு நாடா ஒட்டி அடைச்சதைத் திறந்தா சூடு மொத்தமும் போயிடும்மா."

"நாத்தம் போகணும்னுதான் சொல்றேன்."

"என்ன நாத்தம்?"

"நீ நல்லவன்தான். ஆனா இந்த வீட்டு விஷயத்தில நீ ஒரு பெரிய முட்டாள்."

காற்று மாற்றும் பெட்டியையாவது ஓட விடலாம் என்று கூடத்துக்குப் போனான். மின்சாரம் வீணாகிறதென்று அவனே அணைத்து வைத்தது. இன்னும் அணைந்தேதான் இருந்தது. ஆனால் அதில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வட்டத் துளைகளிலும் காற்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனது. கொஞ்சம் நின்றது. வெளியே வந்தது. கையைக் காட்டினான். ஈரமான, புளித்த வைக்கோல் வாடையடிக்கும் வெப்பம். துளைகளின் ஓரம் பளபளத்தது. சளி.

திரும்பியபோது லெனோரா துணிப்பெட்டியுடன் வாசலில் நின்றாள். மேலங்கியும் தொப்பியும் போட்டிருந்தாள்.

"நான் போய் வண்டியச் சூடாக்குறேன். ஹார்ன் அடிப்பேன். நீ என்கூட வர்றதா இருந்தா வா. இல்ல, உன் சுவத்தைக் கட்டிக்கிட்டு அழு."

"பத்து நிமிஷம் குடு, லெனோரா. எங்கயோ ஒரு இடத்தில கம்பளி அழுகிப்போச்சு, அவ்வளவுதான். அதை மட்டும் உருவிப் போட்டுடறேன். நீ போகவே வேண்டாம்."

"வாடையே இல்லன்னியே?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாத்திய கதவு அதன் ரப்பர் விளிம்பில் புஸ்ஸென்று படிந்தது.

ஆரின் ரம்பத்தை எடுத்தான். படுக்கையறைச் சுவரில், அரைபடும் சத்தம் அதிகமாகக் கேட்ட இடத்தில் வைத்தான். சுண்ணாம்பு உதிர்ந்தது. பலகை ஊறிப்போன ரொட்டியைப் போல மெத்தென்று அறுபட்டது. ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்ததும் நாற்றம் அவன் முகத்தில் வந்து அப்பியது. மூத்திரம், நெய், பழைய பால். வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டு, கம்பளியைக் கொத்தாகப் பற்றி இழுத்தான்.

வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தான். சுவர் மொத்தமும் அவன் பக்கம் லேசாகப் புடைத்தது. கம்பளி வரவில்லை.

உண்ணி தேடுபவனைப் போல இரு கைகளாலும் மயிரை வகிர்ந்து பார்த்தான்.

தோல்.

இளஞ்சிவப்பாக. நீல நரம்பு ஓடியது. குளிர்ந்த விரல் பட்டதும் அது சிலிர்த்தது, ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அப்படி.

அரைபடும் சத்தம் நின்றது.

படுக்கையறையில் மட்டுமல்ல. எல்லாச் சுவர்களிலும்.

வெளியே ஹார்ன். தொலைவில் எங்கோ, தலையணைக்கு அடியில் அடிப்பது போல. கதவுக்கு ஓடினான். பிடியைத் திருப்பித் தோளால் மோதினான். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் இப்போது ரப்பராக இல்லை. தடித்திருந்தது. ஈரமாக இருந்தது. இரண்டு உதடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று இறுக மூடியிருந்தது.

இன்னொரு ஹார்ன். அப்புறம் அதுவும் இல்லை.

கதவை நெம்ப அடுப்பு இரும்புக்கோல் நினைவுக்கு வந்தது. கோலைத் தேடிக் கணப்படுப்பைத் திறந்தான். சாம்பல். கையை விட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. விருந்தினர் வந்த நாளுக்குப் பிறகு யாரும் விறகே வைக்கவில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது.

"லெனோரா!"

அவன் குரல் கேட்டதும் சுவர்கள் பதில் சொன்னன. முதலில் ஒன்று, பிறகு எல்லாம் சேர்ந்து, மெல்ல, நடுங்கும் தொண்டையில். சாயங்காலம் வாளியோடு அவன் கொட்டிலுக்குள் நுழையும்போது எழுமே, அதே சத்தம். தீவனம் வந்துவிட்டது.

தரை ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. மேலிருந்து சொட்டுச் சொட்டாக எச்சில் விழுந்தது.

வீடு கதகதப்பாகத்தான் இருந்தது.