சுண்டுவிரலில் மீதி

‘எஃப்’ என்று எண்ணி முடித்த பிறகும் பால்சாமியின் கட்டைவிரல் சுண்டுவிரல் நுனிக்கு வந்து சேரவில்லை. மேலே இன்னும் ஓர் இடம் மீதி இருந்தது.

தப்பாக எண்ணியிருப்போம் என்று நினைத்தான். நாளைக் காலை மெட்ராஸில் பரீட்சை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் கம்பெனி. மூன்று வருஷமாக மாமனார் வீட்டில் தண்டச்சோறு தின்கிறவனுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் கணக்குக்கு எந்த எண்ணையும் பதினாறால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதவேண்டும். மீதி பத்தானால் ஏ, பதினைந்தானால் எஃப். விரலுக்கு மூன்று கோடு, ஒரு நுனி. நாலு விரலுக்குப் பதினாறு. ஆள்காட்டி விரலின் அடிக்கோடு பூஜ்யம், சுண்டுவிரல் நுனி எஃப். கல்யாணத்தில் பதினாறும் பெற்று வாழச் சொன்னவர்கள், அது இந்தப் பாடு படுத்தும் என்று சொல்லவில்லை.

போன வருஷத்தையே மறுபடி வகுத்தான். 1967. மீதி பதினைந்து. ராஜகிரி மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ஊருக்குள் கக்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், வியர்வையும் மண்ணெண்ணெயும் நாறிய அறையில் உட்கார்ந்து கட்டைவிரலை ஒவ்வொரு கோடாக அழுத்தி ஏற்றிக்கொண்டு போனபோது, சுண்டுவிரலில் நாலாவதாக ஒரு கோடு தட்டுப்பட்டது. ஈரமாக, கொழகொழவென்று, எலும்பே இல்லாமல். முகர்ந்தான். ஊசிப்போன கஞ்சி வாடை. தன் கையைத் தானே தொடப் பிடிக்காமல் வேட்டியில் துடைத்தான். துடைக்கத் துடைக்கத் தோல் கூடவே நீண்டது.

“இன்னாங்க, பஸ்ஸு வந்துடும்,” என்று அவன் மனைவி இருதயமேரி உள்ளே வந்தாள். “கணக்கு வந்துச்சா?”

“வரல.” கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“குடுங்க கைய. நான் எண்றேன், நீங்க எழுதுங்க.”

தினமும் அப்படித்தான் பழகினார்கள்.

“வேணாம் மேரி.”

அவள் பிடித்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே எண்ணினாள்.

“பதிமூணு, பதினாலு, பதினஞ்சு...”

சிரிப்பு நின்றது.

“பதினாறு. பதினேழு. இன்னாங்க இது, நத்தையாட்டம்...”

உதறினாள். கை விடுபடவில்லை.

“உடுங்க.”

“நான் புடிக்கல மேரி.”

அவள் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது சுண்டுவிரல். முழங்கை. தோள். கோடு கோடாக மடங்கி, கழுத்துப் பக்கம் ஏறியது. அவள் நாடி துடிப்பது ஒவ்வொரு கோட்டிலும் பால்சாமிக்குத் தெரிந்தது.