வாஷர் போடாத போத்தல்

சுகந்தினியின் நாட்குறிப்பு, ஆகஸ்ட் 12. இன்று ஒரு சின்னத் தவறு. மீன் தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்கும் ஈஸ்ட் போத்தலின் மூடியில் வாஷர் போட மறந்தேன். வாயு வெளியே கசிந்து, தொட்டியில் ஒரு குமிழி கூட வரவில்லை. வகுப்புக்கு பஸ் போய்விடுமென்று அப்படியே விட்டு வந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பலாங்கொடை கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அலறல்!

"மௌத்து! எல்லாம் மௌத்து!"

இரத்தினக்கல் வியாபாரி முக்தாரின் வரவேற்பறை. ஆள் நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் அவருடைய டிஸ்கஸ் மீன்கள்... மல்லாந்து மிதந்தன!

தொட்டியைப் பராமரிக்கும் சுகந்தினி வாசலிலேயே உறைந்தாள்.

"வாடி, கொலகாரி!" என்று கத்தினார் முக்தார்.

பக்கத்தில் அலங்கார மீன் கடை ஸப்ரி, கைகட்டியபடி.

"நேத்து பின்னேரம் என்ட கேஸ் சிலிண்டர காட்ட வந்தப்பவே சென்னேனே, ஹாஜியார். சீனியும் ஈஸ்ட்டும் போட்ட போத்தல ராவுல நிப்பாட்டேலா. கேஸ் கூடி மூச்சு முட்டிருக்கு. சிலிண்டர் எண்டா வால்வ மூடலாம். இவள் தோட்டத்துல கசிப்புச் சாராயம் காய்ச்சுற மாதிரி காய்ச்சிருக்காள்!"

"பொலிசுக்கு சொல்றேன்! இனி இந்தப் படிய மிதிக்காத!"

சுகந்தினி ஈஸ்ட் போத்தலைப் பார்த்தாள். வேலை போனால் மாலை வகுப்பும் போச்சு. உண்மையைச் சொன்னால்... அதுவும் குற்றம்தானே?

சொல்லிவிட்டாள்.

"மொதலாளி... நேத்து போத்தல்ல வாஷர் போட மறந்துட்டேங்க. கேஸ் தொட்டிக்குள்ள போகவே இல்லீங்க!"

"பொய்!" என்றான் ஸப்ரி.

தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடிக் குப்பியைக் காட்டினாள்.

"கேஸ் கூடுனா இந்தத் தண்ணி மஞ்சளாகுங்க. நீலமால்ல இருக்கு?"

"அது பழுது!"

குப்பியைக் கழற்றினாள். குழாயை விட்டு ஊதினாள். ஒரு தரம்... இன்னொரு தரம்...

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது!

"என் மூச்சுக்கே மாறுதுங்க."

முக்தாரின் கண்கள் சுருங்கின. "அப்ப மீன மௌத்தாக்கினது எது?"

தொட்டி நீரை முகர்ந்தாள். சுள்ளென்று மூக்கில் ஏறியது.

"லிக்விட் கார்பன்... கேஸுக்குப் பதிலா செடிக்கு ஊத்துறதுங்க. கொஞ்சமாத்தான் ஊத்தணும். யாரோ முழு போத்தலையும் கவுத்திருக்காங்க!"

"முழு போத்தலா? பாதிதானே நான் ஊத்தின!"

ஸப்ரி வாயைப் பொத்தினான். தாமதம்!

"சிலிண்டர் விக்கவாடா என்ட மீன மௌத்தாக்கின?" முக்தார் அவன் கொலரைப் பிடித்தபடி சுகந்தினி பக்கம் திரும்பினார். "நீ என்ன பாத்துட்டு நிக்கிற? மறந்ததுக்கு ஒனக்கும் ஏச்சு இருக்கு!"

ஆகஸ்ட் 13. நாளைய வேலை: போத்தலுக்குப் புது வாஷர் வாங்கிப் போட வேண்டும். ஸப்ரி நானாவின் வாய்க்கு ஏற்ற அளவு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.