மஞ்சள் ஏறிய நீலச் சட்டி

அன்று காலை குறிகட்டுவான் துறையில், நயினாதீவுப் படகுக்குள் இறங்கும் படியடியில் நின்றவர்கள்:

தாரிகா. வயது இருபத்தேழு. ஊர் இறுப்பிட்டி. கையில் ஒரு மட்டைப் பெட்டி.

அவளுடைய அப்பா விநாயகமூர்த்தி. குருநாகலில் முப்பது வருடம் புடவைக் கடை வைத்திருந்தவர். எதையும் அவரே முடிவெடுப்பார்.

அம்மா நாகபூசணி. பொங்கல் சாமான் பையோடு.

கணநாதன். வயது முப்பத்தொன்று. நயினாதீவில் யாத்திரிகர் மடமொன்றின் சமையல்காரன். காலில் செருப்புத்தான் போட்டிருந்தான், சப்பாத்து இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஐந்தாவதாக, பெட்டிக்குள் ஒரு சட்டி. வெளியே நீல எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. மூடியோடு ஆறு கிலோ.

படகு ஒருமுறை ஆடியது. தூறலில் ஊறியிருந்த பெட்டியின் அடி பிரிந்தது. சட்டி நேராகக் கணநாதனின் வலது பாதத்தில் விழுந்தது.

அவன் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வரவில்லை.

"ஐயோ... சட்டி" என்றாள் தாரிகா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதலில் தெரிந்தவை கண்கள். பெரிய கண்கள், பயந்த கண்கள். ஒரு மழைத்துளி இமையில் தொங்கிக்கொண்டிருந்தது, விழுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல... விரல் உடைந்த வலியிலும் இதையெல்லாம் பார்க்கிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சட்டிக்கு ஒண்டுமில்லை" என்றான். "பயப்பிடாதையும்."

"உங்கடை கால்..."

"கால் ரெண்டு இருக்கு. சட்டி ஒண்டுதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சிரிக்கக் கூடாது என்பதும் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதையும் அவன் பார்த்துவிட்டான்.

படகு புறப்பட்டது. பாதுகாப்பு அங்கியோடு எல்லோரும் நெருக்கியடித்து இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில். இடம் இல்லாமல் தாரிகா பின்வரிசையில், கணநாதனுக்குப் பக்கத்தில். அவன் சட்டியை மடியில் வைத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை விலக்கி, விரல் மொளியால் ஒருமுறை தட்டினான். டங் என்று கோயில் மணிபோல ஒலித்தது.

"வெடிப்பு இருந்தா சத்தம் செத்துப்போகும். இது நல்லாத்தான் கேக்குது. வெளியிலை உதிர்ந்தாலும் பரவாயில்லை, பாக்க வடிவில்லை, அவ்வளவுதான். உள்ளுக்கை உதிர்ந்தாத்தான் கெடுதல். எனாமல் எண்டது கண்ணாடி. துண்டு சோத்துக்குள்ளை வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டோகாவிலை ஒரு ஹோட்டல் குசினியிலை ஆறு வருசம். இப்பிடிச் சட்டி நாற்பது இருந்தது. கழுவத் தொடங்கித்தான் சமையலுக்கு வந்தனான்."

"பிறகேன் வந்திட்டீங்கள்?"

"சட்டியளை மினுக்க ஏலும். மனேச்சரை மினுக்க ஏலேல்லை."

இந்தமுறை அவள் சிரித்தேவிட்டாள். அம்மா திரும்பிப் பார்த்தா. தாரிகா உடனே கடலைப் பார்த்தாள். கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் அழகாக இருந்தது... ஏன் என்று தெரியவில்லை.

"வெறும் சட்டியை நெருப்பிலை வைக்காதையும்" என்றான் அவன். "மெல்லிய நெருப்புக் காணும். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடிச்சால் விடாது. சூடா இருக்கேக்கை பச்சைத் தண்ணி படக்கூடாது. இரும்புக் கரண்டி போடக்கூடாது. எங்கடை சிரட்டை அகப்பைதான் இதுக்கு நல்லது. மண் போட்டுத் தேய்க்கக் கூடாது. அடிப்பிடிச்சால் அப்பச்சோடா போட்டு ஒரு கொதி..."

"பிள்ளை வளக்கிற மாதிரிச் சொல்லுறீங்கள்."

"பிள்ளை எண்டால் காலிலை விழுந்தாலும் இவ்வளவு நோகாது."

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தான். பேச்சு நின்றுபோனது.

உள்ளே எனாமல் பால் நிறத்தில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. அடியில் ஒரு வட்டம் மஞ்சள் ஏறிக் கிடந்தது. அதன்மேல் வட்டம் வட்டமாகச் சாம்பல் நிறக் கீறல்கள். இரும்புக் கரண்டியால் வருடக்கணக்காகத் துழாவிய கீறல்கள். ஓர் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு. தட்டியபோது கேட்காத வெடிப்பு; இரும்பில் இல்லை, மேல்பூச்சில் மட்டும்.

"ஆர் அனுப்பினது?" என்றான்.

"பிரசாந்தன். சுவிசிலை இருக்கிறார். எனக்கு... பேசியிருக்கிற ஆள்."

முன்வரிசையிலிருந்து அப்பா திரும்பினார். பெருமை முகத்தில் வழிந்தது. "மாப்பிள்ளை கடையிலை தன்ரை கையாலை தெரிஞ்செடுத்த புதுச் சட்டி, தம்பி. இதிலை முதல் பொங்கல் அம்மனுக்குப் பொங்கி வீடியோ எடுத்து அனுப்ப வேணும் எண்டு அவையின்ரை அம்மா சொன்னவ. அது போய்ச் சேர்ந்தால்தான் கலியாணத்துக்கு நாள் வைப்பினம்."

கணநாதன் மூடியை மெதுவாக மூடினான்.

"அவர் சமைப்பாரோ?" என்று தாரிகாவிடம் கேட்டான்.

"தேத்தண்ணிகூட ஊத்தத் தெரியாதாம். அந்த வீட்டிலை அடுப்பே மூட்டினதில்லையாம்."

முதல் தடவை அதைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போதும் சிரித்தபடிதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. இவ்வளவு நேரமும் கதைத்த ஆள் ஏன் திடீரென்று வாயை மூடிக்கொண்டான்? மாப்பிள்ளை இருக்கிறார் என்றதும் முகத்தைத் திருப்புகிறானோ... எல்லா ஆம்பிளையளும் ஒரே மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "நெருப்பு மூட்டுங்கோ. சட்டியை வைக்காதேங்கோ. நான் அகப்பை எடுத்துக்கொண்டு வாறன்."

மடத்துக்கு நொண்டி நடந்து போய், அகப்பையை எடுத்துக்கொண்டு அம்மன் கோயில் வீதிக்கு நொண்டி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

நாகபூசணியின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புதுப் பாத்திரத்தையும் முதலில் வெறுமையாக நெருப்பில் காட்டிச் சூடாக்கி, மூன்று முறை மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார்கள். மண் பானைக்கும் அதுதான், பித்தளைக்கும் அதுதான். சீமையிலிருந்து வந்த சட்டிக்கு எவ்வளவு தீட்டு இருக்கும்? ஆகவே தென்னோலையைப் போட்டு நெருப்பை நன்றாக எழுப்பினா.

"அம்மா, வெறும் சட்டியை வைக்க வேண்டாம் எண்டு அவர் சொன்னவர்."

"எவர்?"

அப்பா கைபேசியைப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தார்.

முதல் தெளிப்பில் சீறியது. இரண்டாவதில் புகைந்தது. மூன்றாவது தெளிப்பில் படார் என்று வெடித்தது. உள்ளிருந்து உள்ளங்கை அளவு எனாமல் பிய்ந்து பறந்து, தாரிகாவின் பாவாடையில் பட்டுச் சாம்பலில் விழுந்தது.

பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். யாருடையதோ பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. சட்டியின் அடியில் கறுப்பாக இரும்பு தெரிந்தது.

"அம்மாளாச்சி..." என்று நாகபூசணி நிலத்தில் இருந்துவிட்டா. "கலியாணப் பொங்கல்... இவளின்ரை பலன்தான் இது. கைராசி இல்லாதவள்."

அவ சொல்லும்போதே கணநாதன் அகப்பையோடு வந்து நின்றிருந்தான். அவனைக் கண்டதும் தாரிகா முகத்தை மூடிக்கொண்டாள். விநாயகமூர்த்தி வீடியோவை அழித்தார். மகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நீ கைதவறிப் போட்டிட்டாய். விளங்கிச்சோ? இண்டைக்கே அவையின்ரை அம்மாவுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேள். உன்னாலை இது குழம்பினால் எனக்கு ஊருக்குள்ளை முகமில்லை."

மழை பலக்கத் தொடங்கியது. மடத்தில் ஓர் அறை எடுத்தார்கள். அம்மா பாயில் சுருண்டு படுத்துவிட்டா. அப்பா மன்னிப்பு எப்படிக் கேட்க வேண்டும் என்று வசனம் சொல்லிக் கொடுத்தார். தாரிகா சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, குசினிக்குள் நுழைந்தாள்.

கணநாதன் காலில் சீலைத் துண்டு கட்டிக்கொண்டு பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இதை ஒட்ட ஏலுமோ?"

"ஏலாது. உள்ளுக்கை கழண்டால் கழண்டதுதான். இனி இதிலை சமைக்கக் கூடாது."

"அப்ப நான்தான் கெடுத்தனான்."

"இல்லை."

"அம்மா செய்தாலும் பிழை என்ரைதானே. நான் மறிச்சிருக்க வேணும். போன் எடுத்து நான் கைதவறிப்..."

"இது புதுச் சட்டி இல்லை" என்றான் அவன்.

தாரிகாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் சட்டியை வாங்கி, அப்பச்சோடாவைத் தூவி, ஈரத் துணியால் ஒரு பக்கத்தைத் துடைத்தான்.

"பாரும். அம்மா இண்டைக்குத் தெளிச்ச மஞ்சள் துணியோடை வருது. அடியிலை இருக்கிறது வரேல்லை. அது ஊறினது. தினமும் கறி வைச்சு ஊறினது. இந்தக் கீறல் எல்லாம் கரண்டி. மூண்டு நாலு வருசமாவது ஆரோ சமைச்சிருக்கினம். வெள்ளைக்காரர் இல்லை. எங்கடை ஆக்கள்தான். வெடிப்பும் முந்தியே இருந்தது, அதுதான் இவ்வளவு பெரிசாக் கழண்டது."

அவள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் வட்டம் ஒரு கண்ணைப்போல அவளைப் பார்த்தது. அடுப்பே மூட்டாத வீடு...

கைபேசியை எடுத்தாள். அப்போது சுவிசில் காலை. பிரசாந்தன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். திரையில் தலை சீவியபடி சிரித்தான்.

"என்ன தாரு, பொங்கல் முடிஞ்சுதோ?"

"இந்தச் சட்டியிலை முந்திச் சமைச்சது ஆர்?"

சீப்பு தலையிலேயே நின்றது. அவ்வளவு நேரம் ஒருவன் அசையாமல் நிற்பதை அவள் பார்த்ததில்லை. இணைப்பு உறைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தாள். பின்னால் மணிக்கூட்டின் முள் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா நல்லாக் கழுவித்தானே அனுப்பினவ..." என்றான்.

"ஆர் எண்டு கேட்டனான்."

"அது... முடிஞ்ச விசயம். நாலு வருசம் என்னோடை இருந்தவ. கலியாணப் பதிவை வெட்டியாச்சு. கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம் எண்டு அம்மா..."

தாரிகா இணைப்பைத் துண்டித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒருத்தி விட்டுப்போன சட்டியைக் கழுவி அனுப்பி, நாலு வருசத்தை மறைத்துவிட்டு, இவளை மன்னிப்புக் கேட்க வைத்திருப்பார்கள். இவளும் கேட்டிருப்பாள்.

பிறகு கோபம் வந்தது. எதிரே நின்றவன்மேல் வந்தது.

"நீங்கள் படகிலையே கண்டனீங்கள்."

"ஓம்."

"கண்டும் சொல்லேல்லை. அம்மா என்னைக் கைராசி இல்லாதவள் எண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொல்லேக்கையும் அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம். பிழைதான்."

"ஏன்?"

அவன் பூசணிக்காயைப் பார்த்தான். துணியைக் கீழே வைத்தான்.

"மடத்துச் சமையல்காரன் ஒருத்தன் சுவிஸ் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னால்... பொறாமையிலை சொல்லுறான் எண்டு நினைப்பீர்."

"என்ன விசர்க் கதை. என்னைக் கண்டு இருபது நிமிசம். அதுக்குள்ளை என்ன பொறாமை?"

"பதினெட்டு நிமிசம்" என்றான். "காணும். பொறாமை வந்திட்டுது. அதுதான் சொல்லேல்லை."

குசினிக் கூரையில் மழை கொட்டியது. அன்று அவள் கேட்ட எல்லாவற்றிலும் இதுதான் அவளை அதிகம் அதிர வைத்தது. சட்டி வெடித்தபோதுகூட நெஞ்சு இப்படி அடிக்கவில்லை. அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. காலில் கட்டிய சீலையில் இரத்தம் ஊறியிருந்தது. அது அவள் போட்ட காயம்...

"கால் நோகுதோ?" என்றாள்.

"இப்பத்தான் கேக்கிறீர்."

"கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ."

"நோகுது."

அவள் சட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "நடக்க ஏலுமோ?"

"எங்கை?"

அவள் முன்னால் நடந்தாள். அவன் ஆறு கிலோவைச் சுமந்துகொண்டு நொண்டியபடி பின்னால் போனான். அறை வாசலில் நின்று திரும்பினாள். ஈரக்காற்றில் அவள் கூந்தல் கன்னத்தில் ஒட்டியிருந்தது. கண்களில் காலையில் இருந்த பயம் இல்லை.

"நான் சொன்னால் அப்பா நம்பமாட்டார். அந்தாளைக் காப்பாத்தத்தான் பாப்பார். நீங்கள் சட்டியைக் காட்டிச் சொல்லுங்கோ. பழசு எண்டு எப்பிடித் தெரியும் எண்டு, எனக்குச் சொன்ன மாதிரியே."

"சரி."

"பிறகு மற்றதையும் சொல்லுங்கோ."

"எதை?"

"அந்தப் பதினெட்டு நிமிசத்தை."

"இண்டைக்கேயோ?"

"சொன்னது பொய்யோ?"

"இல்லை."

"அப்ப போம்."

உள்ளே விநாயகமூர்த்தி கட்டிலில் இருந்து எழுந்தார். "ஆர் தம்பி? என்ன வேணும்?" என்ற குரல் கேட்டது. தாரிகா கணநாதனின் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். கொண்டியை மாட்டி, மடத்துக்காரர் தந்த பூட்டைப் போட்டுத் திறப்பைத் திருகினாள்.

"சொல்லி முடிய உள்ளுக்கையிருந்து தட்டும்" என்றாள் கதவோடு கதவாக. "ரெண்டையும் சொல்லாமல் திறக்க மாட்டன்."